வில்லுக்கு முடி மாற்றும்போது எவ்வளவு முடி வைக்கச் சொல்வது?

இரவுசாதகம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயலின் வில்லுக்குக் குதிரைவால் முடி மாற்றக் கொடுத்து வாங்கினேன். வந்ததிலிருந்து அது வேறு யாருடைய வில்லோ என்பது போல இருக்கிறது. முடிப்பட்டை முன்பைவிட நல்ல தடிமன். ஃப்ராக் பக்கத்தில், அதாவது கையால் பிடிக்கும் அடிமுனைக் கட்டையின் பக்கத்தில், நடுவில் லேசாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. நீள வில் போட்டு வாசித்தால் ஒரு குறையும் இல்லை, நாதம் வருகிறது. ஆனால் நடு வில்லில் தானாகத் தாவ வேண்டிய இடத்தில் தாவ மாட்டேன் என்கிறது. வேகமாகப் போனால் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கமும் மழுங்கிக் கேட்கிறது. வில்லின் அடிமுனைத் திருகை இன்னும் இரண்டு சுற்று முறுக்கினால் முடி விறைப்பாகிறது, ஆனால் அதற்குள் குச்சி கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது.

கட்டியவரிடம் கேட்டேன். "நிறைய முடி வைத்தால் நீண்ட நாள் வரும், போகப் போகச் சரியாகும்" என்றார். சரியாகுமா? அடுத்த முறை எண்ணிக்கை சொல்லித்தான் கொடுக்க வேண்டுமா? 150 என்கிறார்கள், 200 என்கிறார்கள். என் குச்சி பழையது, கொஞ்சம் இளகியது. முன்பு எடை பார்த்தபோது 58 கிராம் இருந்தது.

மூன்றாம்தந்தி எழுதியது:

புது முடிக்கு ரோசின் (முடியில் தேய்க்கும் பிசின்) ஏற நாளாகும். நன்றாகத் தேய்த்து ஒரு வாரம் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள். பாதிப் புகார் அதிலேயே அடங்கிவிடும்.

இரவுசாதகம் எழுதியது:

ரோசின் பிரச்சினை இல்லை சார். முதலில் தூளாக்கிப் போட்டு, அப்புறம் கட்டியைத் தேய்த்து, நன்றாகவே பிடித்துவிட்டது. தந்தியில் பிடி இருக்கிறது. துள்ளல்தான் இல்லை.

ஆப்புச்செருகி எழுதியது:

வில்லுக்கு முடி கட்டுவதுதான் என் தொழில். எண்ணைப் பற்றிப் பேசும் முன் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, வாசிக்கும் விறைப்புக்கு முறுக்கியபின் ஃப்ராக்குக்கும் கட்டைவிரல் படும் தோலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? இரண்டு, ஃபெரூலிலிருந்து, அதாவது முடி வெளியே வரும் அந்த உலோக வளையத்திலிருந்து, முடி சமமான பட்டையாக வருகிறதா, நடுவில் குவிந்து வருகிறதா? மூன்று, முழுக்கத் தளர்த்தினால் எல்லா முடியும் ஒன்றாகத் தொங்குகிறதா, சில மட்டும் இறுகி நிற்கிறதா?

எண்ணைப் பொறுத்தவரை, வயலின் வில்லில் 150 முதல் 200 வரை என்று எல்லோரும் சொல்வது பொய்யில்லை. ஆனால் தொழிலில் இருப்பவர்கள் யாரும் உட்கார்ந்து எண்ணுவதில்லை. கட்டிலிருந்து பிரித்தெடுத்து, சீவி, விரல் இடுக்கில் பிடித்துத் தடிமன் பார்ப்போம். சிலர் அளவு துளையிட்ட தகட்டில் வைத்துப் பார்ப்பார்கள், சிலர் தராசில் போடுவார்கள். காரணம் இருக்கிறது. எல்லா முடியும் ஒரே பருமன் இல்லை. 0.15 மி.மீ. முடியும் வரும், 0.25 மி.மீ. முடியும் வரும். இரண்டையும் 160 என்று எண்ணி வைத்தால், பருத்த முடி வைத்த வில்லில் இருக்கும் முடியின் மொத்த அளவு மற்றதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் போய்விடும். எண் ஒன்றேதான், ஆனால் இரண்டு வில்லும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். அதனால் கடையில் போய் "165 வையுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை.

எண்கணக்கு எழுதியது:

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். (என்னை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.)

முடிப்பட்டையின் அகலம் ஏறக்குறைய 10 மி.மீ. முடியின் பருமன் சராசரியாக 0.2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஒரு வரிசைக்கு 50 முடி. அப்படியென்றால் 150 முடி மூன்று வரிசை, 200 முடி நான்கு வரிசை. நிஜத்தில் இப்படி ஒழுங்காக வரிசை கட்டி நிற்காது, உருளும், நழுவும். ஆனால் தந்தியைத் தொடுவது அடிவரிசைதான் என்பது இதில் தெரிகிறது. வில்லைச் சாய்த்து வாசித்தால் அதுவும் இல்லை, ஒரு விளிம்புதான் தொடும்.

அடுத்து எடை. முடியின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதல், கன செ.மீ.க்கு 1.3 கிராம். 65 செ.மீ. நீளத்துக்குக் கணக்கிட்டால் ஒரு முடி 0.0265 கிராம் வரும். 160 முடி வைத்தால் 4.25 கிராம். அதற்கு மேல் 20 முடி வைத்தால் அரை கிராம் கூடும். வில்லின் மொத்த எடையே 60 கிராம் அளவில் இருக்கும்போது அரை கிராம் பெரிதில்லை. சமநிலைப் புள்ளி நுனிப்பக்கம் ஒரு மி.மீ. சொச்சம் நகரும், அவ்வளவுதான். அதனால் "முடி கூடினால் வில் கனத்துவிடும்" என்ற விளக்கத்தை நான் அரைகுறையாகத்தான் ஏற்பேன். நண்பர் சொல்லும் மழுங்கலுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

வியோலாக்காரி எழுதியது:

எண்கணக்கு அண்ணா, அடிவரிசை மட்டும்தான் தொடுகிறது என்றால் மீதி மூன்று வரிசை எதற்கு? 50 முடியோடு வாசித்துவிடலாமே!

நான் வாசிப்பது வியோலா, வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, சுருதி தாழ்ந்தது. என் வில் 71 கிராம். எனக்கு முடி நிறைய வேண்டும். குறைவாகக் கட்டி வாங்கினால் மேல் தந்தியில் பளிச்சென்று இருக்கும், ஆனால் கீழ்த் தந்தியில் அழுத்தி வாசித்தால் முடி விலகிக் குச்சி போய்த் தந்தியில் இடிக்கும். சத்தத்துக்கும் உடம்பே இருக்காது. "குறைந்த முடிதான் நல்லது" என்று இப்போது ஒரு மோஸ்தர் கிளம்பியிருக்கிறது, அதை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட வேண்டாம்.

ஆப்புச்செருகி எழுதியது:

வியோலாக்காரி சொல்வதை மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் வில்லில் சரியாக இருப்பது இவர் வில்லில் கெடுதல் செய்கிறது, ஏனென்றால் குச்சி வேறு.

வில்லை முறுக்கும்போது முடியை இழுப்பது குச்சியின் வளைவு. உள்பக்கம் வளைந்திருக்கும் குச்சியை முடி இழுத்து நிமிர்த்துகிறது, குச்சி திரும்ப வளையப் பார்க்கிறது. அந்த இழுபறிதான் விறைப்பு. குச்சிக்கும் முடிக்கும் நடுவே நீங்கள் வழக்கமாக வைக்கும் இடைவெளி வரும்வரை முறுக்கினால், அந்த நிலையில் மொத்த இழுவிசை எவ்வளவு என்பதைக் குச்சிதான் முடிவு செய்கிறது. முடி 150 இருந்தாலும் 200 இருந்தாலும் மொத்தம் மாறாது. சொத்து ஒன்றுதான், பிள்ளைகள் கூடக் கூட ஆளுக்குக் கிடைப்பது குறையும்.

உறுதியான குச்சியிடம் கொடுக்க நிறைய இருக்கிறது. 190, 200 முடி வைத்தாலும் ஒவ்வொன்றும் விறைப்பாகவே நிற்கும். வியோலா வில் பெரும்பாலும் கனமான, உறுதியான குச்சிதான். இளகிய குச்சியில் அதே முடியை வைத்தால் ஒவ்வொரு முடியும் தளர்ந்து நிற்கும். விரலால் தொட்டுப் பார்த்தால் தெரியும், பட்டை மெத்தென்று அமுங்கும். வாசிப்பவர் என்ன செய்வார்? இன்னும் முறுக்குவார். முடி விறைக்கும், ஆனால் குச்சி நிமிர்ந்துபோகும். நிமிர்ந்த குச்சியில் துள்ளல் ஏது? இரவுசாதகம் முதல் பதிவில் எழுதியிருப்பது வரிக்கு வரி இதுதான்.

எண்கணக்கு எழுதியது:

அருமை. இதற்கும் எண் போட்டுவிடலாம். வாசிக்கும் விறைப்பில் வயலின் வில்லின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 60 நியூட்டன், அதாவது 6 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு. 150 முடிக்குப் பங்கு போட்டால் முடிக்கு 40 கிராம். 200 முடிக்கு 30 கிராம். இளகிய குச்சி 5 கிலோவோடு நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், 200 முடியில் ஆளுக்கு 25 கிராம்தான். 40க்கும் 25க்கும் உள்ள வித்தியாசத்தை வலது கை கண்டிப்பாக உணரும்.

வியோலாக்காரியின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 50 முடியோடு கட்டினால் முடிக்கு 120 கிராம். உடனே அறுந்துவிடாது, ஆனால் ஒவ்வொன்றும் இழுபட்டு நீளும், இரண்டு அறுந்தாலே மற்றதன் பாரம் கூடும், பட்டைக்கும் பருமன் இல்லாததால் அழுத்தம் தாங்காது. மேல்வரிசைகள் தந்தியைத் தொடாவிட்டாலும் பாரத்தைச் சுமக்கின்றன.

கீழ்ஸ்தாயி எழுதியது:

குறைந்த முடி புது மோஸ்தர் என்று வியோலாக்காரி எழுதியதால் ஒரு இடைச்செருகல். இது பழைய வழக்கம்தான். பரோக் கால (17, 18ஆம் நூற்றாண்டு) வில்லில் இப்போதைய வில்லைவிட முடி குறைவு, பட்டையும் குறுகல். அன்றைய ஃப்ராக்கில் ஃபெரூல் கிடையாது. முடி ஃப்ராக்கிலிருந்து திரளாக வரும், அதைத் தட்டையாக விரித்துப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் ஃபெரூலும் உள்ளே முடியை விரிக்கும் ஆப்பும் நிலைபெற்றன. பாரிஸில் வில் செய்த பிரான்சுவா தூர்த் பெயரோடு இந்த மாற்றத்தைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். அவர் 1835இல் இறந்தார். இன்றைய வில்லின் நீளம், உள்வளைவு, பெர்னம்புகோ மரம் எல்லாம் அவர் கைப்பட நிலைத்தவை. பட்டை அகலமானதும் முடியும் கூடியது. பெரிய அரங்கம், பெரிய வாத்தியக் குழு, உரத்த நாதம் என்று காலம் கேட்டது வேறு.

மூன்றாம்தந்தி எழுதியது:

எல்லாம் சரி, முடியின் தரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. மங்கோலிய முடியா, சைபீரிய முடியா, ஆண் குதிரை முடியா? எனக்குச் சொல்லித் தந்தவர், முடியில் செதில் இருக்கிறது, அந்தச் செதில்தான் தந்தியைப் பற்றி இழுக்கிறது, செதில் தேய்ந்தால் முடி மாற்ற வேண்டும் என்பார். செதில்தான் வேலை செய்கிறது என்றால் நிறைய முடி, நிறைய செதில், நிறைய பிடி. அப்படித்தானே?

எண்கணக்கு எழுதியது:

செதில் உண்மை. நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும், நம் தலைமுடியிலும் உண்டு. ஆனால் ரோசின் போடாத புது முடியால் இழுத்துப் பாருங்கள், செதில் முழுசாக இருக்கும், சத்தம் வராது. பிடிப்பதும் விடுவதும் ரோசின் செய்யும் வேலை. தந்தி முடியோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போய், சட்டென்று நழுவி, மறுபடி ஒட்டுகிறது. அந்தத் தொடர்ச்சிதான் நாதம்.

ஆப்புச்செருகி எழுதியது:

மங்கோலியா, சைபீரியா, சீனா என்று பல இடத்திலிருந்து வருகிறது. பெண் குதிரையின் வால் சிறுநீர் பட்டுக் கறைபடும், அதனால் ஆண் குதிரை முடி மேல் என்பது விற்பவர்கள் சொல்லும் கதை. கட்டுபவர் கைக்குத் தெரிவது அந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான். நான் பார்ப்பது: நீளம் சீராக இருக்கிறதா, முடி உருண்டையாக இருக்கிறதா, நடுவில் நெளிவு, முடிச்சு, மெலிவு இருக்கிறதா. வெளுக்க மருந்து போட்ட முடி பனி போல வெள்ளையாக இருக்கும், சீக்கிரம் ஒடியும். இயற்கையான வெள்ளை கொஞ்சம் மஞ்சள் கலந்துதான் இருக்கும். கறுப்பு முடி பருமன், முரடு. டபுள் பாஸ் வில்லுக்கு அதுதான் பலருக்குப் பிடிக்கும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு கட்டைப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நெளிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக உருவினால் கணிசமான பங்கு கழிந்துபோகும். அந்த வேலையைச் செய்யாதவர்கள் இருக்கிறார்கள். நெளிந்த முடியும் கட்டையான முடியும் உள்ளேயே இருக்கும். பாதி முடி வேலை செய்யாது என்று தெரிந்தே அதை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அதிக முடி வைத்த வில் பலவற்றில் நான் பார்ப்பது இதைத்தான். நன்றாகத் தேர்ந்து சீவிய 150 முடி, தேராத 200ஐவிட நன்றாகப் பேசும்.

இரவுசாதகம் எழுதியது:

ஆப்புச்செருகி ஐயா, நீங்கள் கேட்டதைப் பார்த்துவிட்டேன்.

வாசிக்கும் விறைப்பில் இடைவெளி 2 மி.மீ. இருக்கும். முடி நடுவில் குவிந்துதான் வருகிறது, இரண்டு ஓரத்திலும் மெலிவாக இருக்கிறது. தளர்த்தினால் நடு முடியெல்லாம் தொங்குகிறது, ஒரு ஓரத்தில் ஏழெட்டு முடி மட்டும் இறுகி நிற்கிறது. எடையும் பார்த்தேன்: 59.5 கிராம். நுனியில் முடிச்சுக்குழிக்கு மேலே முடி கொஞ்சம் பிதுங்கியது போலத் தெரிகிறது. இது எனக்கு இப்போதுதான் கண்ணில் பட்டது.

எண்கணக்கு எழுதியது:

58இலிருந்து 59.5. உயர்வு ஒன்றரை கிராம். ஆப்பு மாறியதால் வரும் வித்தியாசம் சொற்பம், ரோசின் அதைவிடச் சொற்பம். மீதியெல்லாம் முடி என்று கொண்டால் ஏறக்குறைய 55 முடி அதிகம். சமநிலைப் புள்ளி 3 மி.மீ.க்கு மேல் நுனிப்பக்கம் போயிருக்கும். இந்த அளவுக்கு வந்துவிட்டால் எடையும் பேசத்தான் செய்யும், முன்பு எழுதியது 20 முடிக் கணக்கு.

ஆப்புச்செருகி எழுதியது:

இடைவெளி சரி, நீளம் சரியாகத்தான் வெட்டியிருக்கிறார். மற்ற மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. குறிப்பாக நுனி.

வில்லின் தலையில் ஒரு சின்னக் குழி இருக்கும். முடியை ஒரு முனையில் நூலால் இறுக்கிக் கட்டி, வெட்டு முனையை ரோசின் தூளில் ஒற்றிச் சூடு காட்டுவோம். ரோசின் உருகி முனைகளைப் பிடித்துக்கொள்ளும், முடி முனையும் சூட்டில் லேசாகத் தடித்து நூலுக்குள்ளிருந்து நழுவாமல் நிற்கும். அந்த முடிச்சு குழிக்குள் தங்கும். அதன்மேல் முடியை மடக்கி வெளியே எடுத்து, குழியின் வடிவத்துக்கே செதுக்கிய ஒரு மென்மரத் துண்டை வைத்து அடைப்போம். அதுதான் ஆப்பு. பசை கூடாது, சுத்தியல் கூடவே கூடாது. விரலால் அழுத்தினால் உட்கார வேண்டும், அடுத்த முறை நிமிண்டினால் வர வேண்டும். முக்கியமாக இரண்டு பக்கச் சுவரையும் ஆப்பு தள்ளக் கூடாது. தலையின் பக்கச் சுவர் மிக மெல்லியது. தள்ளினால் மரத்தின் ரேகை வழியே விரியும்.

முடி கூடினால் முடிச்சு பெருக்கும். குழி பெருக்காது. அப்போது மூன்று வழிதான்: முடியைக் குறைப்பது, ஆப்பை மெல்லியதாக்கி அழுத்தி அடைப்பது, குழியைத் தோண்டுவது. முதல் வழியைத் தவிர மற்ற இரண்டும் வில்லுக்குக் கேடு. குழியைத் தோண்டிய பழைய வில்கள் என்னிடம் வரும்போது வயிறு எரியும். பெர்னம்புகோ மரம் 2007 முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, காட்டில் அருகிப்போன மரம். அப்படிப்பட்ட பழைய குச்சியின் தலையைப் பத்து முடிக்காகப் பணயம் வைப்பதா?

ஃபெரூல் பக்கமும் இதே கதை. முடிக்கு அடியில், ஃப்ராக்கின் மர நாக்குக்கும் முடிக்கும் நடுவே, ஒரு மெல்லிய அகல ஆப்பைச் செருகித்தான் பட்டையை விரிக்கிறோம். முடி அதிகமானால் அந்த ஆப்புக்கு இடம் இருக்காது. திணித்தால் ஃபெரூலின் பற்றாசு விட்டுவிடலாம், நாக்கு விரிசல் விடலாம். திணிக்கப் பயந்தால் ஆப்பு முழு அகலத்துக்கும் போகாது, முடி நடுவில் குவியும். உங்கள் வில்லில் நடந்திருப்பது இரண்டாவது என்று நினைக்கிறேன். அதனால் எனக்கு அளவுகோல் எண் இல்லை: முடி ஃபெரூலின் ஓரம் முதல் ஓரம் வரை சமமாக விரிந்து, ஆப்பு வற்புறுத்தாமல் உட்கார வேண்டும். அதுவே அந்த வில்லின் மேல் வரம்பு. அதற்குக் கீழே எங்கே நிற்பது என்பதைக் குச்சியின் உறுதியும் வாசிப்பவர் கையும் சொல்லும்.

அந்த ஏழெட்டு இறுகிய முடி, அளவோடு சம்பந்தமில்லாத வேறு குறை. ஃப்ராக் பக்க முடிச்சைக் கட்டும் முன் முடியை ஈரமாக்கி, நுனியிலிருந்து சீப்பால் இழுத்து இழுத்து எல்லாம் ஒரே நீளத்துக்கு வந்தபின் பிடித்துக் கட்ட வேண்டும். அவசரப்பட்டால் சில முடி குறுக்கே ஓடும், சில குட்டையாக மாட்டிக்கொள்ளும். ஒரு ஓரம் மட்டும் இறுகி இருந்தால் அது குச்சியை அந்தப் பக்கமாக இழுக்கும். நாள்பட விட்டால் குச்சியே கோணும்.

வியோலாக்காரி எழுதியது:

ஃபெரூல் அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. என் வியோலா ஃபெரூல் அகலம், அதனால் எனக்கு நிறைய. சரி, சண்டை முடிந்தது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். சில பேர் ஒரு ஓரத்தில் மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் முடி கூட்டி வைக்கிறார்களே, அது ஏன்? அதுவும் குச்சியைக் கோணலாக்காதா?

ஆப்புச்செருகி எழுதியது:

குச்சியை விரல்பலகைப் பக்கம் சாய்த்து வாசிக்கிறோம். அதனால் அந்தப் பக்க விளிம்பு முடிதான் முதலில் அறுகிறது. அந்த ஓரத்தில் சில முடி கூடுதலாக வைத்தால், அறுந்தபின்னும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். எல்லா முடியும் ஒரே நீளமாக இருந்தால் தொடக்கத்தில் அந்தச் சில முடியால் குச்சிக்கு ஒன்றும் ஆகாது. அளவோடு செய்தால் நல்ல வழக்கம். கட்டியவர் "நீண்ட நாள் வரும்" என்றாரே, அந்த நோக்கத்துக்கு இதுதான் வழி. பட்டை முழுக்கத் திணிப்பதால் ஆயுள் அவ்வளவு கூடாது, அறுவது விளிம்புதான்.

மூன்றாம்தந்தி எழுதியது:

மழைக்காலத்தில் முடி மாற்றக் கூடாது என்பார்களே? அதையும் கேட்டுவிடுகிறேன், ஐயா நல்ல மூடில் இருக்கிறார்.

ஆப்புச்செருகி எழுதியது:

மாற்றலாம். ஈரக்காற்றில் முடி நீளும், வறண்ட காற்றில் சுருங்கும். ஈர நாளில் கட்டுபவர் முடி நீண்டிருப்பதைக் கணக்கில் கொண்டு கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்ட வேண்டும். இல்லையென்றால் வறட்சி வந்ததும், திருகை முழுக்கத் தளர்த்தினாலும் முடி தளராது. பெட்டிக்குள்ளேயே குச்சி இழுபட்டுக்கொண்டு கிடக்கும். வறண்ட நாளில் அதிகத் தளர்வு விட்டால் ஈரக்காற்றில் திருகு கடைசிவரை போயும் விறைப்பு வராது. எந்த ஊரில், எந்தப் பருவத்தில் வாசிக்கிறீர்கள் என்று கட்டுபவர் கேட்காவிட்டாலும் அவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

இரவுசாதகம் எழுதியது:

மிக்க நன்றி. மறுபடி கட்டக் கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் அதற்குள் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. இப்போதைக்கு நானே மேலே இருக்கும் முடியில் கொஞ்சத்தை வெட்டி எடுத்துவிட்டால் என்ன?

கீழ்ஸ்தாயி எழுதியது:

நிகழ்ச்சிக்கு முன் கத்திரிக்கோலா? வேறு வில் கடன் கேளுங்கள் ஐயா.

ஆப்புச்செருகி எழுதியது:

செய்யலாம், செய்பவர்களும் உண்டு. ஆனால் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் முடிச்சு தளரும், மீதி முடியும் கழன்றுவர வழி செய்துகொடுத்தது போலாகும். சின்னக் கத்திரியால் ஒரு முனையில் ஃபெரூலை ஒட்டியும் மறுமுனையில் தலையை ஒட்டியும் வெட்டுங்கள். அடிக்கட்டை உள்ளேயே இருக்கும், ஆப்பு இறுக்கம் மாறாது. குச்சியைப் பார்த்த பக்கத்து வரிசையிலிருந்து, பட்டையின் அகலம் முழுக்கப் பரவலாக எடுங்கள். முதலில் அந்த இறுகிய ஏழெட்டு முடி. அப்புறம் நடுக்குவியலில் ஐந்தைந்தாக. ஒவ்வொரு தடவையும் வாசித்துப் பாருங்கள். வெட்டும்போது வில் வாசிக்கும் விறைப்பில் இருக்க வேண்டும், அப்போதுதான் எது இறுகியது, எது தொங்குகிறது என்று தெரியும்.

இதனால் நுனிக்குழிக்குள் இருக்கும் நெருக்கடி குறையாது என்பதை மறக்க வேண்டாம். தலையில் மயிரிழை போலக் கோடு ஏதாவது தெரிந்தால் உடனே தளர்த்தி வைத்துவிடுங்கள்.

எண்கணக்கு எழுதியது:

வெட்டியதைத் தூக்கிப் போடாமல் எடை பார்த்து எழுதினால் புண்ணியமாகப் போகும்.

இரவுசாதகம் எழுதியது:

செய்து பார்த்தேன். இறுகிய முடியை எடுத்ததுமே பட்டை சமமாக உட்கார்ந்தது, எதிர்பார்க்கவில்லை. அப்புறம் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். வெட்டியது எல்லாம் சேர்த்து 0.9 கிராம் (எண்கணக்கு அவர்களுக்காக). இப்போது நடு வில்லில் துள்ளல் திரும்பிவிட்டது, முன்பைவிட ஒரு சுற்றுக் குறைவாகத்தான் முறுக்குகிறேன். ஸ்வரத் தொடக்கம் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் கீழ்த் தந்தியில் மெதுவாக அழுத்தி வாசிக்கும்போது பிடி கொஞ்சம் குறைந்தது போல இருக்கிறது.

வியோலாக்காரி எழுதியது:

சொன்னேனா இல்லையா?

எண்கணக்கு எழுதியது:

0.9 கிராம் என்றால் 34 முடி. இன்னும் 20 முடி அதிகமாகத்தான் இருக்கிறது, பழைய கட்டோடு ஒப்பிட்டால். அதனால் கீழ்த் தந்திப் பிடி குறைந்ததற்கு முடிப் பற்றாக்குறை காரணமாக இருக்க முடியாது.

ஆப்புச்செருகி எழுதியது:

மேல்வரிசையை எடுத்ததில் மீதி முடி கொஞ்சம் இடம் மாறியிருக்கும், ரோசின் ஏறாத உள்முடி இப்போது அடிப்பக்கம் வந்திருக்கும். ரோசினைக் கட்டியாகவே எடுத்து, ஃப்ராக் பக்கமும் நுனிப்பக்கமும் கூடுதலாகத் தேய்த்து வாசித்துப் பாருங்கள். அதற்குப் பின்னும் குறைவாகத் தெரிந்தால் அடுத்த கட்டில் இப்போது இருப்பதே அளவு என்று சொல்லிவிடலாம், இதற்கும் கீழே போக வேண்டாம். கொடுக்கும்போது 58 கிராம் கணக்கையும், நுனியில் பிதுங்குவதையும் காட்டுங்கள். அவர் அந்த ஆப்பை எடுக்கும்போது பக்கத்தில் நிற்க முடிந்தால் குழி தோண்டப்பட்டிருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.

மூன்றாம்தந்தி எழுதியது:

என் மகளுடைய முக்கால் அளவு வில்லுக்கும் இதே கணக்குதானா?

ஆப்புச்செருகி எழுதியது:

கணக்கு அதே, அளவு குறையும். சின்ன வில்லில் ஃபெரூலும் குறுகல், குச்சியும் இலேசு. பெரிய வில்லின் முடியை அதில் திணித்து அனுப்புகிறார்கள், குழந்தை வில்லைத் தூக்கவே சிரமப்படுகிறது. பட்டையை ஃபெரூலருகே இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து, படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.